காலால் கலக்கிய தண்ணீர்

(கிறிஸ்து அரசர் பெருவிழா மறையுரை, வாசுதேவநல்லூர்)



இன்றைய முதல் வாசகம் இறைவாக்கினர் எசேக்கியேல் நூலின் 34-ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது. சிதறிப்போன ஆடுகளைத் தாமே தேடிப்போவதாகவும், காயம்பட்டவற்றுக்குக் கட்டுப் போடுவதாகவும் ஆண்டவர் அதில் வாக்களிக்கிறார். ஆட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே நீதி வழங்கப்போவதாகச் சொல்லி, 17-ஆம் வசனத்தோடு வாசகம் முடிகிறது. அதற்கடுத்த வசனத்தை இன்று நாம் வாசிப்பதில்லை. வீட்டுக்குப் போனதும் விவிலியத்தை எடுத்து 18, 19-ஆம் வசனங்களைப் படித்துப் பாருங்கள். ஆடுகளுக்குள்ளே வழக்கு எதனால் வந்தது என்பது அங்கேதான் இருக்கிறது.

கொழுத்த ஆடுகள் நல்ல மேய்ச்சலில் மேய்ந்தன. மேய்ந்த பிறகு மிச்சப் புல்லை மிதித்துப் பாழாக்கின. தெளிந்த தண்ணீரை வயிறாரக் குடித்தன. குடித்த பிறகு மிஞ்சிய தண்ணீரைக் காலால் கலக்கிவிட்டுப் போயின. பின்னால் வந்த ஆடுகள் அந்தக் கலங்கலைத்தான் குடிக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கொழுத்த ஆடுகள் யாருடைய தண்ணீரையும் திருடவில்லை. தங்களுக்கு உரியதைத்தான் குடித்தன. குடித்ததற்காக ஆண்டவர் அவற்றைக் கண்டிக்கவும் இல்லை. குடித்து முடித்த பிறகு அந்தத் தண்ணீருக்கு என்ன செய்தாய் என்றுதான் கேட்கிறார். இன்றைய நற்செய்தியில், தாகமாயிருந்தவருக்குக் கொடுத்த தண்ணீரை அரசர் தமக்கே கொடுத்ததாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறார். அப்படியென்றால், தாகமாயிருந்தவருக்கு நாம் கலக்கி அனுப்பிய தண்ணீரும் அவர் கணக்கில்தான் ஏறும். மத்தேயு 25-ஐயும் எசேக்கியேல் 34-ஐயும் சேர்த்து வாசித்தால் இதிலிருந்து தப்பிக்க வழியில்லை.

நம் ஊர் இந்த வசனங்களைப் புரிந்துகொள்வதற்கென்றே அமைந்த ஊர். மேற்கே மலை. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் தலையணை என்னும் அணையைத் தாண்டி வருகிறது. கால்வாய் வழியாக முதல் குளம் நிறைகிறது. நிறைந்ததும் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிறது. அங்கிருந்து அதற்கடுத்தது. மேற்குப் பக்கம் இருப்பவன் முதலில் அனுபவிக்கிறான். கிழக்குப் பக்கம் இருப்பவன் அவன் விட்டதை அனுபவிக்கிறான். நெல்லும் கரும்பும் தென்னையும் இந்த ஒழுங்கில்தான் விளைந்தன. மேலக் குளத்துக்காரன் மறுகாலை மறித்துக் கட்டினால் ஊர்ப் பஞ்சாயத்துக் கூடும். தண்ணீரைத் தடுப்பது குற்றம் என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். ஆனால் தண்ணீரைக் கெடுத்து அனுப்புவதற்கு நம்மிடம் பஞ்சாயத்தே கிடையாது. ஏனென்றால் அதை எல்லோரும் செய்கிறோம்.

ஐப்பசி, கார்த்திகை மழை இப்போது பெய்துகொண்டிருக்கிறது. வாறுகால்கள் நிரம்பி வழிகின்றன. வெயில் காலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஓரமாகக் கிடக்கும் கறுப்புத் தண்ணீர், மழை வந்ததும் வாசலுக்கு வந்து நிற்கிறது. அதனால்தான் இதை இன்றைக்குப் பேசுகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆள் ஒரு நாளைக்கு 100 லிட்டர் தண்ணீர் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, கழிப்பறைக்கு, எல்லாம் சேர்த்துத்தான். வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 500 லிட்டர். அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியே வருகிறது என்பது பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு. அதாவது வீட்டுக்கு 400 லிட்டர். நாற்பது வீடு உள்ள ஒரு தெருவிலிருந்து தினமும் 16,000 லிட்டர், ஒரு பெரிய லாரி நிறைய, கிழக்கே போகிறது. நாம் ஒருநாளும் அதை எண்ணிப் பார்த்ததில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-21-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்திய நகரங்களில் ஒரு நாளில் உண்டாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். அதில் உண்மையாகச் சுத்திகரிக்கப்படுவது 20,236 மில்லியன் லிட்டர். மீதி முழுவதும் யாரோ ஒருவருடைய ஆற்றில், யாரோ ஒருவருடைய கிணற்றில் சேர்கிறது.

"நம்ம வீட்டுல செப்டிக் டேங்க் இருக்கே, சாமி" என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கிறது. ஆனால் அது என்ன என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். முறையாகக் கட்டிய செப்டிக் டேங்க் என்பது அடியிலும் பக்கத்திலும் பூசி, தண்ணீர் கசியாமல், நடுவில் தடுப்புச் சுவர் வைத்துக் கட்டுவது. கசடு அடியில் படியும். எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும். நடுவிலுள்ள தண்ணீர் வெளியேறும். அப்படி வெளியேறும் தண்ணீர் பார்வைக்குத் தெளிந்ததுபோல் இருந்தாலும், அதில் நோய்க்கிருமி அப்படியே இருக்கும். அது ஓர் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் வடிய வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை லாரி வைத்து எடுக்க வேண்டும்.

பல வீடுகளில் நடப்பது வேறு. நான்கு உறையை இறக்கி, அடியில் பூசாமல் விட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைப் போட்டு மூடி, அதற்கு செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்துவிடுகிறோம். பூசாமல் விட்டால் சீக்கிரம் நிரம்பாது என்று கொத்தனாரும் சொல்வார், நாமும் மகிழ்ந்துபோவோம். நிரம்பாமல் அது எங்கே போகிறது? பத்தடி தள்ளி அடுத்த வீட்டுக்காரர் போர் போட்டிருக்கிறார். இன்னும் சில வீடுகளில், டேங்கிலிருந்து ஒரு பி.வி.சி. குழாய் சத்தமில்லாமல் வாறுகாலுக்குப் போகும். இருட்டிய பிறகு அதைத் திறந்துவிடுகிறவர்களும் உண்டு. லாரி வந்து எடுத்தால்கூட, அந்த லாரி எந்த ஓடையில் போய்க் கொட்டியது என்று நாம் கேட்பதில்லை. பணத்தைக் கொடுத்தோம், வாசல் சுத்தமாயிற்று, அவ்வளவுதான். கொழுத்த ஆட்டின் கதை இதுதானே?

இதில் உயிர்போகும் பாவம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் நான் மேலே போக முடியாது. மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்கள் தேங்கி நிற்கும். உள்ளே இறங்கியவர் ஒருசில மூச்சில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கிய தம்பியும் விழுவார். நம் தமிழ்நாட்டில் இப்படிச் செத்தவர்களின் பட்டியல் நீளமானது. 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒரு மனிதரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அந்தச் சட்டம். நகராட்சியை மட்டுமல்ல, கூலி பேசி இறக்கும் வீட்டுக்காரரையும் அது பிடிக்கும். சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணம் உயர்ந்தது; சாவு நிற்கவில்லை. இறங்குகிறவர் எந்தச் சாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாம், 'அந்த வேலைக்கு அவர்கள் இருக்கிறார்கள்' என்று ஒரு கணம் நினைத்தாலும் அது பலிபீடத்துக்கு எதிரான பாவம். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இணைச்சட்ட நூல் 23-ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. பாசறையில் தங்கியிருக்கும் ஒவ்வொருவரும் வெளியே ஓர் இடம் ஒதுக்க வேண்டும். கையில் ஒரு முளைக்கோல் வைத்திருக்க வேண்டும். குழி தோண்டி, கழித்ததை மூட வேண்டும். இவ்வளவு சிறிய காரியத்தையா கடவுள் மோசேயிடம் சொன்னார் என்று சிலருக்குத் தோன்றலாம். அதற்கு அங்கேயே காரணமும் இருக்கிறது. ஆண்டவர் அந்தப் பாசறையின் நடுவே நடக்கிறார். ஆகவே பாசறை தூயதாய் இருக்க வேண்டும். கவனியுங்கள், இன்னொருவரைக் கூப்பிட்டு மூடச் சொல் என்று கட்டளை இல்லை. படைவீரனோ தலைவனோ, அவனவன் கையில் அவனவன் முளைக்கோல். நம் நாட்டின் பல நூற்றாண்டு வழக்கத்துக்கு நேர் எதிரான சட்டம் அது.

இன்று மாலை நற்கருணைப் பவனி. ஆண்டவர் நம் தெருக்களின் நடுவே நடக்கப்போகிறார். வழக்கமாக என்ன செய்வோம்? பவனி வரும் பாதையைக் கூட்டுவோம், தண்ணீர் தெளிப்போம், கோலம் போடுவோம், வாறுகால் ஓரத்தில் பிளீச்சிங் பவுடரைக் கோடு இழுத்ததுபோல் தூவச் சொல்வோம். அன்பினால் செய்வதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அரசர் பவனி முடிந்து பேழைக்குத் திரும்பிய பிறகும் இந்த ஊரில்தான் இருக்கிறார். வாறுகாலின் கடைசியில், ஊரின் அழுக்கெல்லாம் போய் நிற்கும் இடத்தில், எந்த மக்கள் வீடு கட்டியிருக்கிறார்கள்? பெரும்பாலான நம் ஊர்களில் ஊரின் தாழ்வான கோடி எந்தத் தெருவுக்கு ஒதுக்கப்பட்டது? அந்தத் தெருவில் ஒரு குழந்தைக்கு வாந்திபேதி வந்தால் அந்தத் தண்ணீரில் என்னுடைய 400 லிட்டரும் இருக்கிறது. அரசர் நியாயத் தீர்ப்பு நாளில் அந்தக் குழந்தையின் இடத்தில் நின்று பேசுவேன் என்றுதான் இன்றைய நற்செய்தியில் சொன்னார்.

சரி, என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். பெரிய நகரங்களைப் போலப் பாதாளச் சாக்கடையும் மோட்டாரும் பெரும் சுத்திகரிப்பு நிலையமும் நம்மைப் போன்ற பேரூராட்சிகளுக்கு வரும்வரை காத்திருப்பதா? நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வெறும் பெயர்ப் பட்டியல்தானே என்று நாம் தாண்டிப் போகும் அதிகாரம் அது. எருசலேம் மதிலைத் திரும்பக் கட்டியபோது யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்று அதில் இருக்கிறது. பலபேர் அவரவர் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைக் கட்டினார்கள். தெக்கோவா ஊரின் பெரியவர்கள் மட்டும் கழுத்தை வளைத்து வேலைசெய்ய மறுத்தார்கள் என்ற செய்தியையும் நெகேமியா ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். நகரத்தின் குப்பையும் கழிவும் வெளியேறும் குப்பைமேட்டு வாயில் ஒன்று இருந்தது. அதைச் செப்பனிட்டவர் கூலியாள் இல்லை. ஒரு மாவட்டத்துக்கே தலைவரான மல்கியா. அவரே அதற்குக் கதவு வைத்தார், தாழ்ப்பாள் போட்டார். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுக்கு மேலாயிற்று. குப்பைமேட்டு வாயிலைக் கட்டியதற்காகவே அந்த மனிதரின் பெயர் திருநூலில் நிற்கிறது.

தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு எதிரே வீடு என்று இந்தக் காரியத்தைச் செய்து காட்டிய ஓர் இடம் கராச்சி நகரத்தில் இருக்கிறது. ஒராங்கி என்பது அதன் பெயர். ஏழைகள் தாங்களே வீடு கட்டிக் குடியேறிய மிகப் பெரிய பகுதி. 1980-இல் அக்தர் ஹமீது கான் என்ற பெரியவர் அங்கே போய் உட்கார்ந்தார். மக்களிடம் முதலில் என்ன குறை என்று கேட்டார், சாக்கடை என்றார்கள். அரசாங்கம் வந்து போடும் என்று காத்திருந்தார்கள். அவரோ இருபது முப்பது வீடு உள்ள ஒரு சந்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தச் சந்தே தனக்கு ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும். அவர் வீட்டுக்கு வீடு பணம் வசூலிப்பார். அளவெடுத்துக் கொடுக்கவும் கருவி கொடுக்கவும் மட்டும் கானின் அலுவலகம் உதவும். குழாய் பதிப்பதை மக்களே செய்தார்கள். ஒரு சந்து முடிந்ததைப் பார்த்து அடுத்த சந்து தொடங்கியது. இப்படிப் பல்லாயிரம் வீடுகளில் கழிப்பறையும் கழிவுநீர்க் குழாயும் வந்தன. அவரோடு வேலைசெய்த பர்வீன் ரஹ்மான் என்ற அம்மையார் அந்த நகரத்தின் ஓடைகளையும் குடியிருப்புகளையும் வரைபடமாக்கினார். 2013 மார்ச் 13 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கானும் ரஹ்மானும் இஸ்லாமியர். அவர்கள் செய்தது நற்செய்தி சொல்லும் வேலை.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு நம் அன்பியங்கள் நினைவுக்கு வரவில்லையா? இருபது முப்பது குடும்பம், ஒரு பொறுப்பாளர், மாதம் ஒரு கூட்டம். ஒரு வித்தியாசம் உண்டு: தெருவில் இந்து வீடு இருக்கும், முஸ்லிம் வீடு இருக்கும், வாறுகாலுக்கு மதம் கிடையாது. ஆகவே அன்பியம் தொடங்கிவைக்கலாம், தெருவாக முடிக்க வேண்டும்.

ஆனால் ஒராங்கியில் ஒரு குறையும் இருந்தது. சந்துகள் சுத்தமாயின; அந்தக் குழாய்களெல்லாம் போய்ச் சேர்ந்த ஓடை சுத்தமாகவில்லை. ஓடை வழியே அது அப்படியே கடலுக்குப் போயிற்று. வீட்டுக்கு முன்னால் உள்ளதை மக்கள் செய்வார்கள், கடைசியில் சுத்திகரிப்பை அரசு செய்யும் என்பது ஏற்பாடு. அரசு தன் பாதியைச் செய்யவில்லை. நம் வாசல் சுத்தமாவதோடு நின்றுவிட்டால் எசேக்கியேலின் வழக்கு இன்னும் முடியவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சுத்திகரிப்பதை எப்படிச் சிறிய அளவில் செய்வது? புதுச்சேரியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. தினமும் பல நூறு பேர் வந்துபோகும் இடம். அங்கே ஆரோவில் நிபுணர்கள் அமைத்த பரவல் முறைச் சுத்திகரிப்பு இருபது ஆண்டுகளாக நடக்கிறது. அதன் வழிமுறையை உங்களில் விவசாயம் செய்பவர்கள் உடனே புரிந்துகொள்வீர்கள். கழிவுநீர் முதலில் ஒரு தொட்டியில் படிகிறது. பிறகு வரிசையாக உள்ள அறைகளுக்குள் போகிறது. ஒவ்வோர் அறையிலும் தண்ணீர் அடிக்கு இறங்கி, அங்கே படிந்திருக்கும் கசட்டுக்குள் புகுந்து, மேலே ஏறி, அடுத்த அறைக்குத் தாண்டுகிறது. காற்றில்லாத அந்தக் கசட்டில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உண்டு. அழுக்கைத் தின்பது அவற்றின் வேலை. அங்கிருந்து வெளியேறி, ஜல்லி நிரப்பிய படுகைக்கு வருகிறது. படுகையில் கல்வாழை, நாணல் போன்ற செடிகளை நட்டிருப்பார்கள். தண்ணீர் ஜல்லிக்கு அடியிலேயே நகர்வதால் மேலே ஈரம் தெரியாது, கொசு முட்டையிட இடமில்லை, வாடையும் பெரிதாக வராது. வேர்கள் பக்கத்தில் காற்றை விடுகின்றன. மிச்ச அழுக்கு அங்கே கழிகிறது. கடைசியில் ஒரு திறந்த குட்டை. வெயில் பட்டு இன்னும் தெளிகிறது. அந்தத் தண்ணீர் செடிகொடிக்குப் பாய்கிறது. நிலத்தில் சரிவு இருந்தால் இதற்கு மோட்டாரே வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மலையடிவாரத்தில் இருக்கும் நமக்குச் சரிவைக் கடவுளே கொடுத்திருக்கிறார்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, பச்சையாகத் தின்னும் கீரைக்கும் விடக் கூடாது. தென்னைக்கு விடலாம், பூச்செடிக்கு விடலாம். குளத்தில் சேர்ந்தாலும் ஆகாயத்தாமரைக்குத் தீனியாக இவ்வளவு அழுக்கு போகாது.

செப்டிக் டேங்க் கசடுக்கும் வழி இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் கருங்குழி என்ற பேரூராட்சி நம் ஊரைப் போன்றதுதான். 2017-இல் அங்கே ஒரு கசடு கழிவு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கினார்கள். லாரிகள் ஓடையில் கொட்டாமல் அங்கே கொண்டுவந்து இறக்குகின்றன. பக்கத்து மதுராந்தகம் நகராட்சியின் கசடும் அங்கேதான் வருகிறது. அதற்கு முன்பே, 2006-இல், திருச்சி மாவட்டத்து முசிறியில் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரித்து உரமாக்கும் பொதுக் கழிப்பறையை ஒரு தொண்டு நிறுவனம் கட்டியது. ஆகவே நம் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளுக்கு இது எட்டாத காரியம் இல்லை. செப்டிக் டேங்க் கழிவை எப்படி எடுக்க வேண்டும், எங்கே கொட்ட வேண்டும் என்று தமிழக அரசு 2014-லேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுவிட்டது.

பணம்? சென்னையை ஒட்டிய ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. 1990-களின் இறுதியில் பாதாளச் சாக்கடை போட அரசுப் பணம் மட்டும் போதவில்லை. நகர்மன்றத் தலைவர் ஆர்.எஸ். பாரதியும் மற்றவர்களும் வீதி வீதியாகப் போய் மக்களிடமே கேட்டார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம். அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கட்டின. தங்கள் பணம் உள்ளே இருந்ததால் வேலை எங்கே நிற்கிறது என்று அவர்களே கேட்டார்கள். கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் தலைக்கட்டு வரி போட்டு வசூலிக்கத் தெரிந்த ஊர் நம் ஊர். தெருவுக்கு வரவு செலவு எழுதத் தெரியாதா நமக்கு?

பணத்தைவிடக் கடினமானது ஒன்று உண்டு. அதை மறைத்துப் பேசினால் நான் உங்களுக்கு உண்மை சொன்னவனாக மாட்டேன். நாடா வெட்டித் திறந்த எத்தனையோ சுத்திகரிப்புத் தொட்டிகள் இரண்டு ஆண்டில் செத்துப் போயிருக்கின்றன. காரணம் தொழில்நுட்பம் இல்லை. பார்ப்பதற்கு ஆள் இல்லை. வலையில் சேரும் பிளாஸ்டிக்கை யார் எடுப்பது? கசடை எப்போது லாரிக்குச் சொல்வது? செடியை யார் வெட்டுவது? இதற்கு மாதச் சம்பளத்தில், கையுறையும் பூட்ஸும் கொடுத்து, பெயர் சொல்லி மரியாதையாக அழைத்து ஒருவரை வைக்க வேண்டும். தெருக்காரர்கள் முறைபோட்டு உடன் நிற்க வேண்டும். அவர் தொட்டிக்குள் இறங்கும் தேவையே வராதபடி கட்டவும் வேண்டும். வீட்டிலிருக்கும் அம்மாமார்களும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டியது: கழிப்பறையில் நாப்கினையும் டயப்பரையும் போட்டால் குழாய் அடைக்கும், வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டுமென்று ஆசிட்டை ஊற்றினால், தொட்டியில் நமக்காக உழைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். அடுப்படி எண்ணெயை நேரே ஊற்றினாலும் கெடும்.

குற்றாலத்தில் எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் போட்டுக் குளிக்கத் தடை இருக்கிறது. அருவியில் போட்டால் அது சிற்றாற்றில் இறங்கும், சிற்றாறு தாமிரபரணியில் சேரும், தாமிரபரணியில் பல லட்சம் பேர் குடிக்கிறார்கள். அந்த நியாயம் அருவிக்குப் பொருந்தும் என்றால் நம் வீட்டுக் குளியலறைக்கும் பொருந்தும். 2024-இல் தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பார்க்க மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் நீதிபதிகளே திருநெல்வேலிக்கு நேரில் வந்தார்கள். ஓர் ஆற்றுக்காக நீதிபதி வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

திருச்சபைக்கு இது புதிய பாடம் இல்லை. நம் அருள்சகோதரிகள் பீடத்துணிகளைக் கழுவுவதைப் பார்த்திருக்கிறீர்களா? திருமேனித் துகிலையும் கிண்ணம் துடைக்கும் துணியையும் முதலில் அலசிய தண்ணீரை அவர்கள் சாக்கடையில் ஊற்ற மாட்டார்கள். அதற்கென்று மண்ணுக்குள் நேரே இறங்கும் தொட்டி உள்ள கோவில்கள் உண்டு. இல்லாத இடத்தில் யாரும் மிதிக்காத செடியின் அடியில் ஊற்றுவார்கள். இது அவர்களாகக் கண்டுபிடித்த பழக்கம் இல்லை. 2004-இல் உரோமை வெளியிட்ட வழிபாட்டு ஒழுங்கு ஏட்டிலேயே இருக்கிறது. பயன்படுத்தி முடித்த தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அக்கறைப்பட்ட திருச்சபை இது. ஆண்டவருடைய உடல் பட்ட தண்ணீர் மாசுபடக் கூடாது என்று நாம் காட்டும் அந்தப் பணிவை, ஆண்டவர் தம் உடல் என்று சொன்ன ஏழைகள் குடிக்கும் தண்ணீருக்கும் காட்ட வேண்டும். தூய தண்ணீர் கிடைப்பது மனிதரின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் எழுதியபோது இதைத்தான் நினைத்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே நம் பங்கு வளாகத்திலிருந்தே தொடங்குகிறோம். பங்கு இல்லம், மண்டபம், கைகழுவும் குழாய், எல்லாவற்றின் கழிவுநீரும் இப்போது எங்கே போகிறது என்று பங்குப்பேரவை பார்த்து, வரும் கூட்டத்தில் சொல்லும். மண்டபத்துக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் ஒரு சிறிய ஜல்லிப் படுகை போட முடியுமா என்று தெரிந்த பொறியாளரை அழைத்துக் கேட்போம். முடிந்தால் தெருக்காரர்கள் வந்து பார்க்கட்டும். பார்க்காமல் யாரும் பணம் தரமாட்டார்கள், தரவும் வேண்டாம்.

இன்று மாலைப் பவனி வழக்கமான பாதையில் மட்டும் போகாது. வாறுகால் முடியும் கீழ்க்கோடி வரை போய்த் திரும்பும். அங்கே பிளீச்சிங் பவுடர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். செபமாலை சொல்லிக்கொண்டே வாருங்கள், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள். அந்தத் தெரு மக்கள் பீடம் ஒன்று அமைத்து ஆசீர் பெறக் கேட்டிருக்கிறார்கள். அங்கேதான் முதல் ஆசீர்.

ஒவ்வோர் அன்பியத்துக்கும் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறேன். தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும், எந்த மதத்தவர் வீடானாலும், போய்க் கேளுங்கள்: டேங்க் பூசியதா, உறை இறக்கியதா? கடைசியாக எப்போது எடுத்தது? குழாய் எங்கே போகிறது? போர் எவ்வளவு தள்ளி இருக்கிறது? தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுங்கள். வாறுகாலில் குழாய் விட்டிருப்பவர்களை அவமானப்படுத்துவதற்காக அந்த நோட்டு இல்லை. யார் பெயரையும் கோவிலில் வாசிக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. நோட்டுகள் அதற்குள் வந்துவிட்டால், கசடு லாரிகள் எங்கே கொட்டுகின்றன, நம் ஊருக்கும் பக்கத்து ஊர்களுக்கும் சேர்த்து ஒரு கசடு சுத்திகரிப்பு நிலையம் எப்போது கிடைக்கும் என்று கேட்டுப் பேரூராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனுக் கொடுக்கலாம். கணக்கோடு போகும் மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மனு எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள்.